அட்டைப்பெட்டி வீட்டை நீங்கள் கட்டாதீர்கள்: இங்கிலாந்தில் சின்ன வகுப்புப் பெற்றோர் செய்யும் தவறுகள்

என் மகள் இயர் 2 படிக்கும்போது லண்டன் பெருந்தீ (கிரேட் ஃபயர்) பாடம் வந்தது. 1666இல் இருந்த மாதிரி ஒரு வீட்டை அட்டைப்பெட்டியில் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தேன். ஆமாம், நான்தான் செய்தேன். கறுப்பு மரச்சட்டங்கள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்மாடி, கூரைக்கு ஓட்டு நிறத்தில் காகிதம் என்று ஒன்றும் குறையில்லை. மறுநாள் டீச்சர் அவளிடம், "மேல்மாடி ஏன் இப்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். "அது அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாளாம்.

அவளுடைய வகுப்புத் தோழன் கொண்டுபோனது ஒரு சீரியல் பெட்டி. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, சன்னல் பேனாவால் வரைந்தது. ஆனால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது: இடம் குறுகல், அதனால் மாடியை வெளியே இழுத்துக் கட்டினார்கள், எதிர்வீட்டு மாடியும் அப்படியே நீண்டு வந்ததால் தெருவுக்கு மேலே இரண்டும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன, தீ தாவ அது போதும். பாடத்தைப் படித்தவன் அவன். என் மகள் வீட்டிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

இங்கே கீ ஸ்டேஜ் 1 என்பது இயர் 1, இயர் 2 ஆகிய இரண்டு வகுப்புகள். ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரை. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தைப் பார்த்தால் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். ஓவியம், டிசைன் அண்ட் டெக்னாலஜி, கம்ப்யூட்டிங், வரலாறு, புவியியல், இசை இவற்றுக்கெல்லாம் இந்த வயதுக்கென்று இருப்பது ஆளுக்கு ஏறக்குறைய ஒரு பக்கம்தான். அதைப் பார்த்துத்தான் நாமும் இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் போய், இதையும் ஒரு பரீட்சை மாதிரி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நம் வீடுகளில் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தும் கிளைத்தவைதான்.

பெற்றோர் டீச்சரைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவ்னிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது பத்து நிமிடம். ரீடிங் புக் எந்த நிறம் (வாசிப்பு நிலைக்கு ஒரு நிறம்), கணக்கில் எப்படி, எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஃபோனிக்ஸ் தேர்வில் தேறுவாளா, முடிந்தது. வரலாற்றைப் பற்றியோ இசையைப் பற்றியோ கேட்ட தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்? இயர் 1 ஃபோனிக்ஸ் சோதனைக்கு மதிப்பெண் உண்டு, இவற்றுக்கு இல்லை. நமக்கோ எண் இருந்தால்தான் பாடம். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற பிள்ளை அடுத்துத் தடுமாறுவது பொருளில்தான். "ஹார்பர்" என்று பிழையில்லாமல் வாசித்துவிட்டு அது என்ன என்று தெரியாமல் நிற்கும். அந்தச் சொல் புவியியல் பாடத்தில் வருகிறது. "என் பிள்ளை வகுப்பில் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாள்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அந்தப் பத்து நிமிடம் வேறு மாதிரிப் போகும்.

வரலாறு: ஆண்டும் பெயரும் போதாது

இயர் 2 பிள்ளைகளிடம் "கிரேட் ஃபயர் எப்போது?" என்று கேட்டால் 1666 என்று கிளிப்பிள்ளை மாதிரி வரும். அது தாத்தா பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் விழிக்கும். பாடத்திட்டம் இந்த வயதில் எதிர்பார்ப்பது இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான். எது முன்னால், எது பின்னால், அன்றைக்கும் இன்றைக்கும் எது ஒன்று, எது வேறு, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. செப்டம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக்கடையில் தீ தொடங்கியது, காய்ந்த கோடை, கிழக்குக் காற்று, ஏறக்குறைய 13,200 வீடுகள் எரிந்தன என்பதெல்லாம் சரி. பார்த்தவர் யார், எழுதி வைத்தவர் யார்? சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி நாட்குறிப்பு எழுதினார். தீ நெருங்கியபோது தன் ஒயினையும் பார்மிசான் சீஸையும் குழி தோண்டிப் புதைத்ததைக்கூட எழுதியிருக்கிறார். சீஸைப் புதைத்த மனிதரை ஏழு வயதுப் பிள்ளை மறக்கவே மறக்காது. அதோடு சேர்த்து, நேரில் பார்த்தவர் எழுதியதால்தான் நமக்கு இது தெரிகிறது என்பதும் மனசில் தங்கிவிடும்.

இன்னொரு குழப்பம். பெருந்தீ, நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மேரி சீகோல், அமெரிக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் இவையெல்லாம் கட்டாயம் என்று நினைத்து, "பக்கத்துப் பள்ளியில் ரோசா பார்க்ஸ் நடத்திவிட்டார்கள், இங்கே இன்னும் இல்லை" என்று கவலைப்படுபவர்கள் உண்டு. பாடத்திட்டத்தில் இவை எடுத்துக்காட்டுகள் மட்டுமே. எதை எடுப்பது என்பது பள்ளியின் விருப்பம்.

அந்தப் பெயர்களைச் சொல்லும்போதும் நாம் ஒரு வேலை செய்கிறோம்: கதையை இனிப்பாக்கிவிடுகிறோம். ரோசா பார்க்ஸ் கால் வலித்ததால் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்காத ஒரு வயதான பாட்டி என்றுதான் பல வீடுகளில் சொல்கிறார்கள். 1955 டிசம்பரில் அவருக்கு வயது 42. ஏற்கெனவே கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். அது உடம்புக் களைப்பு அல்ல என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்தே "மாட்டேன்" என்று சொன்ன ஒரு பெண்ணைப் பாவப்பட்ட பாட்டியாக்கினால் பாடமே போய்விடுகிறது.

நம் வீடுகளில் வீணாகிப்போகும் பெரிய சொத்து தாத்தா பாட்டிகள். வாழும் மனிதர்களின் நினைவுக்கு எட்டிய காலத்தில் வந்த மாற்றங்கள் என்று பாடத்திட்டத்தில் ஒரு பகுதியே இருக்கிறது. பழைய பொம்மைகள், பழைய பள்ளிக்கூடம், பழைய வீடு. "தாத்தா பாட்டியிடம் கேட்டு வா" என்று தாள் வரும். நாம் என்ன செய்கிறோம்? அம்மம்மாவுக்கு இங்கிலாந்துக் கதை தெரியாதே என்று நினைத்துக் கூகுளில் 1960களின் ஆங்கிலேயப் பொம்மைகளைத் தேடி ஒட்டி அனுப்புகிறோம். அம்மம்மா நுங்குக் கோம்பையில் வண்டி செய்து ஓட்டியதைச் சொன்னால் வேண்டாம் என்று எந்த டீச்சரும் சொல்லப்போவதில்லை. டீச்சருக்கு வேண்டியது பிள்ளை ஒருவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வருவதுதான். கேள்வி தமிழில் இருக்கலாம். வாட்ஸ்அப் வீடியோவிலும் கேட்கலாம்.

தீபாவளியும் ஒரு சண்டையும்

சமயக் கல்வி தேசியப் பாடத்திட்டத்துக்குள் வராது. ஆனாலும் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் அதைக் கற்பித்தாக வேண்டும். பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையிருக்காது, அது நடப்பது பல சமயங்களையும் அறிந்துகொள்ளும் வகுப்பு.

சிக்கல் ஐப்பசியில் வரும். பள்ளியில் தீபாவளி என்றால் இராமர் அயோத்தி திரும்பிய நாள். வீட்டில் நரகாசுரன். பிள்ளை குழம்பி வந்து கேட்கும். "உங்க டீச்சருக்கு ஒன்றும் தெரியாது" என்று முடித்துவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. அடுத்த நாள் பிள்ளை வகுப்பில் அப்படியே சொல்லிவிட்டு வந்தால் சங்கடம் உங்களுக்குத்தான். இரண்டும் உண்மையாகவே இருக்கும் மரபுகள், வடக்கே ஒன்று, நம் பக்கம் ஒன்று என்று சொல்லி, முடிந்தால் நரகாசுரன் கதையை வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். ஒரே பண்டிகைக்கு இரண்டு கதைகள் இருக்கலாம் என்பதைவிட நல்ல சமயக் கல்வி எனக்குத் தெரியவில்லை.

புவியியலில் தவறு பெரும்பாலும் நம்முடையது, பிள்ளையுடையது அல்ல. இங்கிலாந்து, பிரிட்டன், யூகே மூன்றையும் நாம் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கிறோம். இயர் 1 பிள்ளையோ யூகேயில் அடங்கிய நான்கு நாடுகளையும் லண்டன், எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் என்று தலைநகரங்களையும் கற்றுக்கொண்டு வருகிறது. ஏழு கண்டங்கள், ஐந்து பெருங்கடல்கள் என்ற பட்டியலைப் பாட்டாக்கிப் பாட வைப்பதில் தப்பில்லை, அதோடு நிறுத்துவதுதான் தப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். தபால்பெட்டி எங்கே, தபால்பெட்டிக்கு என்ன குறியீடு போடலாம், வடக்கு எந்தப் பக்கம். (வடக்கு என்றால் மேலே, அதாவது கூரைப் பக்கம் என்று என் மகள் ரொம்ப நாள் நம்பினாள். சுவரில் மாட்டிய வரைபடத்தின் வேலை அது. வரைபடத்தைத் தரையில் விரித்துத் திருப்பி வைத்தோம், சரியாயிற்று.)

ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு சிறு பகுதியை எடுத்து இங்கே உள்ள ஓர் இடத்தோடு ஒப்பிட வேண்டும் என்றும் இருக்கிறது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் உள்ள செம்பக்கொல்லி என்ற ஆதிவாசிக் கிராமம் பல ஆங்கிலேயப் பள்ளிகளில் இப்படிப் பாடமாக இருந்திருக்கிறது. பிள்ளை வந்து "இந்தியாவில் எல்லோரும் காட்டில்தான் இருக்கிறார்களாம்" என்றால் கோபம் வரத்தான் செய்யும். கோபித்துக்கொண்டு மின்னஞ்சல் எழுதுவதைவிட, சென்னையின் படம் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். ஒரு நாட்டுக்குள் பல மாதிரி இடங்கள் இருக்கும் என்று டீச்சரும் சொல்ல விரும்புவார், அவரிடம் படம் இல்லாமல் இருக்கலாம்.

டேப்லெட் தட்டுவது கம்ப்யூட்டிங் அல்ல

"என் பையன் மூன்று வயதிலேயே யூடியூபைத் திறப்பான், கம்ப்யூட்டரில் புலி" என்று சொல்லாத பெற்றோர் இல்லை. 2014இல் பழைய ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) பாடத்தை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டிங் கொண்டுவந்தபோது, ஐந்து வயதிலேயே அல்காரிதம் என்ற சொல்லை வைத்தார்கள். பயப்பட வேண்டாம். ஒரு வேலையைச் செய்து முடிக்க, வரிசையாக, குழப்பமில்லாமல் சொல்லும் படிகள், அவ்வளவுதான். பள்ளிகளில் பீ-பாட் என்று தேனீ வடிவத்தில் ஒரு சின்ன ரோபோ இருக்கும். ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திருப்பினால் 90 பாகை திரும்பும். பிள்ளைகள் எப்போதும் செய்யும் பிழை, முந்தைய கட்டளைகளை அழிக்காமல் புதியதை அழுத்துவது. தேனீ பழையதையும் சேர்த்துச் செய்துகொண்டு எங்கேயோ போய் முட்டும். ஏன் முட்டியது என்று அவர்களே யோசித்துக் கண்டுபிடிப்பதுதான் டீபக்கிங். நாம் எட்டிப்பார்த்து "இதை அழுத்து" என்று சொன்னால் அந்தப் பாடத்தைப் பறித்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

வீட்டில் இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். தோசை சுடுவது எப்படி என்று பிள்ளை சொல்லட்டும், அடுப்பைப் பற்றவைக்காமல், பிள்ளை சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரமாக நீங்கள் நடியுங்கள். "மாவை ஊற்று" என்றால் வெறும் அடுப்பின் மேல் ஊற்றப் போங்கள். "ஐயோ, கல்லை வைக்கணும்!" என்று கத்துவாள். இப்போது புரிந்துவிட்டது, எந்தப் படி விட்டுப்போயிற்று என்று.

இணையப் பாதுகாப்பும் இதே பாடத்தில்தான் வருகிறது. பயமாக ஏதாவது வந்தால் பெரியவரிடம் சொல் என்று பள்ளி சொல்லிக் கொடுக்கிறது. "அப்படி ஏதாவது பார்த்தால் டேப்லெட்டைப் பிடுங்கிவிடுவேன்" என்று நாம் மிரட்டி வைத்திருக்கிறோம். பிறகு பிள்ளை எதற்கு வாயைத் திறக்கும்?

டிசைன் அண்ட் டெக்னாலஜியில் அழகான பொருளைவிட அது யாருக்காக, என்ன வேலைக்கு, செய்தபின் எப்படி இருக்கிறது என்ற மூன்றும் முக்கியம். சக்கரம் வைத்த வண்டி செய்யும்போது பசைத் துப்பாக்கியோடு நாம் உள்ளே புகுந்து, அச்சுக்குச்சியைப் பெட்டியோடு சேர்த்து இறுக்கி ஒட்டிவிடுவோம். வண்டி பார்க்க ஜோர், உருளாது. குச்சியை ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டு, ஸ்ட்ராவை மட்டும் பெட்டியில் ஒட்டினால் குச்சி சுற்றும். இதைப் பிள்ளை மூன்று தடவை தவறாகச் செய்து கண்டுபிடிக்கட்டும். செலோடேப் வீணாகும், ஆகட்டும்.

ஓவியத்தில் சொல்ல அதிகமில்லை. கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டுவது ஓவியப் பாடம் அல்ல. வானத்தை மேலே ஒரு நீலப் பட்டையாக மட்டும் வரைந்தால் திருத்தாதீர்கள், இந்த வயதில் அப்படித்தான் வரைவார்கள். பன்னிரண்டு நிறம் உள்ள பெட்டியைவிடச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று மட்டும் கொடுங்கள். மஞ்சளில் துளிச் சிவப்பு போட்டால் ஆரஞ்சு. சிவப்பில் மஞ்சளைப் போட்டால் மஞ்சள் எவ்வளவு தீர்ந்துபோகிறது என்று பாருங்கள்.

இசையில், வீட்டில் கீபோர்டு கிளாஸ் போகிறாள், அதனால் பள்ளியில் பாடும் பாட்டெல்லாம் சும்மா என்று நினைக்கிறோம். பள்ளியில் அவர்கள் பிரித்துப் பார்ப்பது மாறாமல் ஓடும் துடிப்பையும், அதன் மேல் வரும் சொற்கட்டையும். பாட்டுக் கச்சேரியில் தொடையில் தாளம் போடும் தாத்தா செய்வதும் அதுதான். கை ஒரே சீராகப் போகிறது, பாட்டு அதன் மேல் ஓடுகிறது. பிள்ளையைத் தாத்தா பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பாடங்களைப் பற்றிப் பிள்ளையிடம் நாம் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுகிறோம், பள்ளிச் சொல் பழக வேண்டுமே என்று. அது தேவையில்லை. அச்சு எப்படிச் சுற்றுகிறது என்று வீட்டில் தமிழில் பேசிப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பள்ளியில் ஆக்சில் என்ற சொல் மட்டும்தான் புதிது. அரைப் பருவம் தொடங்கும்போது என்னென்ன தலைப்புகள் வருகின்றன என்று பல பள்ளிகள் ஒரு தாள் அனுப்பும், புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அதை எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அதிலிருந்து ஒன்றைத் தமிழில் கேளுங்கள். அட்டைப்பெட்டி தேவைப்பட்டால் அதையும் எடுத்துக் கொடுங்கள், கத்தரிக்கோலை மட்டும் நீங்கள் கையில் எடுக்காதீர்கள்.