காரணம் பிடிபடாத குழந்தை இருமல்: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டியவை

குழந்தைகள் நலப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே மருந்துப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பச் செய்கிறார்கள். குழந்தைகளிடம் 4 வாரங்களைத் தாண்டிய இருமல் நாட்பட்ட இருமலாகும். சளிக்காய்ச்சல் தணிந்த பிறகும் நாய் குரைப்பதைப் போன்ற வறட்டு இருமல் பகல் முழுவதும் நீடிக்க, எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (ஊதிப் பார்க்கும் மூச்சுத் திறன் சோதனை) இயல்பாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றியே, அதாவது நோய் ஆறிய பின்னும் பழக்கமாகத் தொடர்ந்து தூக்கத்தில் நின்றுவிடும் பழக்க இருமலைப் பற்றியே, இங்கு எழுதுகிறேன்.

"பிரைமரி காம்ப்ளக்ஸ்" (குழந்தைகளின் ஆரம்பநிலைக் காசநோய்) என்று முத்திரை குத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இருமல் நிற்கவில்லை, குழந்தை சற்று ஒல்லி, மாண்டூ ஊசி (காசநோய்க் கிருமிக்கான தோல் சோதனை) போட்ட இடம் தடித்திருக்கிறது, இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) கொஞ்சம் கூடுதல் என்ற அளவிலேயே 6 மாதக் காசநோய் மருந்தை எழுதிவிடுகிறார்கள். மாண்டூ தடிப்பு கிருமி உடலுக்குள் நுழைந்திருக்கலாம் என்பதைக் காட்டுமே தவிர நோய் இருப்பதை உறுதிசெய்யாது. பிசிஜி தடுப்பூசியாலும் அது தடிக்கலாம். இஎஸ்ஆர் எத்தனையோ காரணங்களால் உயரும்.

ஒரு சிறுமியை அவள் தாய் அழைத்து வந்தபோது மருந்து பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு அவள் மிரண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்துவிட்டார்கள். இருமல் மட்டும் அப்படியே இருந்தது. கையில் படம் வரையக் கொடுத்ததும் அது குறைந்ததைத் தாயே கவனித்துச் சொன்னார். எக்ஸ்ரேயை மீண்டும் பார்த்தும், இரைப்பை நீரை காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு அனுப்பியும், வீட்டில் காசநோயாளி எவருமில்லை என்று விசாரித்தும் உறுதிசெய்த பின்னரே சிகிச்சையை மாற்றினோம். இருமல் உந்தும்போது சில நொடிகள் அடக்கி, வெதுவெதுப்பான நீரை ஒரு மிடறு பருகச் சொல்லி, அடக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டினோம். அடக்க முடிகிறது என்பதை அவளே உணர்ந்ததுதான் திருப்பம். மருந்துச் சீட்டில் எழுத ஒன்றுமில்லை என்பதைத் தந்தை நம்புவதற்குத்தான் கூடுதல் நேரம் பிடித்தது.

தூக்கத்தில் இருமவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பது

அது ஒரு குறிப்பு, தீர்ப்பு அல்ல. சளியோடு கூடிய இருமல், எடைக் குறைவு, விரல்நுனி வீக்கம், இருமலில் இரத்தம், வேர்க்கடலை தின்னும்போது புரையேறித் தொடங்கிய இருமல், வீட்டில் காசநோய் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் பழக்க இருமல் என்ற முடிவைத் தள்ளிவைத்து, காரணத்தைத் தேட வேண்டும். கக்குவான் இருமல் வாரக்கணக்கில் நீளும் என்பதையும் மறக்கக் கூடாது.

மருந்துக்கு மேல் மருந்து

ஆஸ்துமா என்று ஐயுற்று இன்ஹேலர் கொடுத்தால், 2 முதல் 4 வாரங்களில் மறுபடி பார்த்து, பலனில்லையெனில் நிறுத்திவிட வேண்டும். அளவைக் கூட்டுவது சரியல்ல. 12 வயதுக்குட்பட்டோருக்குக் கோடீன் கலந்த சிரப் கூடாது.

"நடிக்கிறாயா?"

கேட்காதீர்கள்.

பள்ளிக்கு விடுப்புச் சான்றிதழ்

தர வேண்டாம். வகுப்பில் இருமினால் வெளியே அனுப்பாமல், மேசையில் ஒரு தண்ணீர்ப் புட்டி வைத்துக்கொள்ள அனுமதிக்கும்படி ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் தாருங்கள்.