மோட்டார்ஹோம் வாங்குகிறீர்களா? கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே வீடு போலத் தங்கிப் பயணிக்கும் வண்டி, பார்க்கப் போனால் கண் முதலில் படுக்கைக்கும் சமையல் மேடைக்கும்தான் போகும். கதவையும் கவனியுங்கள். ஒரு நாளில் எத்தனையோ முறை ஏறி இறங்கும் வழி அது.

எஞ்சின் பின்னால் இருக்கும் பெரிய டீசல் வண்டிகளில் முன்கதவுதான் அதிகம். கதவு நடுவில் இடத்தைத் தின்னாததால் உள்ளே சுவர் முழுசாகக் கிடைக்கும், நீள சோபா போடலாம். ஆனால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் காலடியில் படிக்குழி, அதாவது ஏறும் படிகள் இருக்கும் பள்ளம், வரும். அதை மூடும் பலகையை இழுத்துவிட்டு, அந்த இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பாருங்கள். நீண்ட பயணத்தில் அவர் படும் பாடு அப்போதே தெரிந்துவிடும்.

நடுக்கதவில் இந்தத் தொல்லை இல்லை. வெளியே விரிக்கும் துணிப்பந்தல் பெரும்பாலும் கதவுக்கு மேலேயே வரும். மழையிலும் நனையாமல் நின்று செருப்பைக் கழற்றலாம். சேறு நேரே வீட்டின் நடுவுக்கு வரும், அதற்கு ஒரு நல்ல மிதியடி போதும்.

அப்புறம், இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். ஸ்லைடு அவுட், அதாவது வண்டியை நிறுத்தியபின் இடம் பெரிதாக வெளியே தள்ளும் சுவர்ப் பகுதிகள், எல்லாவற்றையும் உள்ளே இழுக்கச் சொல்லி, வெளியிலிருந்து கதவைத் திறந்து ஏறுங்கள். கழிவறைக்குப் போக முடிகிறதா? ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிறதா? வழியில் பத்து நிமிடம் நிறுத்தும்போது வண்டி இப்படித்தான் இருக்கும். குழந்தைகளோடு அடிக்கடி நிறுத்திப் போகிறவர்களுக்கு நான் நடுக்கதவைத்தான் சொல்வேன்.