பழைய சீனப் பீங்கான்: காலத்தையும் ஊரையும் அடியில் தேடுங்கள்

பீங்கான் கைக்கு வந்ததும் பலரும் முதலில் ஓவியத்தைப் பார்ப்பார்கள், அடுத்து அடியில் எழுதியிருக்கும் சீன எழுத்தை. இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். ஓவியத்தைப் பார்த்து வரைந்துவிடலாம், எழுத்தைப் பார்த்து எழுதிவிடலாம். மெருகு, அதாவது கண்ணாடிபோன்ற மேல்பூச்சு, எட்டாத அடிமண் சூளையில் எப்படி வெந்ததோ அதை அப்படியே கொண்டுவருவதுதான் கடினம்.

10 மடங்கு லென்ஸ், சிறிய டார்ச், கனமான துணி விரித்த மேசை இருந்தால் போதும். பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்க வேண்டாம். பழைய ஒட்டு இருந்தால் அங்கேதான் விடும். கவிழ்த்து வைத்து, பாத்திரம் உட்காரும் அடிவளையத்தில் மெருகில்லாத இடத்தைத் தேடுங்கள்.

மண் தூய வெள்ளையாக, மாவுபோல வழவழப்பாக இருந்தால் ஜியாங்சி மாகாணத்து ஜிங்டெஜென் ஊரை நினைக்கலாம். சாம்பல் நிற மண், மெருகு முடியும் விளிம்பில் செங்கல் சிவப்பு, மேலே ஆலிவ் அல்லது கடல்பச்சை என்றால் செஜியாங் மாகாணத்து லோங்சுவான். அந்தச் சிவப்பைச் சற்று நிதானமாகப் பாருங்கள். மண்ணிலுள்ள இரும்பு, சூளை ஆறும்போது உள்ளே வரும் காற்றைப் பிடித்துச் சிவக்கிறது. மெருகுக்கு அடியில் காற்று போகாததால் அங்கே மண் சாம்பலாகவே நிற்கும். ஆகவே உண்மையான சிவப்பு மண்ணின் மேல்தோலில் ஊறியிருக்கும், ஈரத் துணிக்கு வராது. போலியில் பெர்மாங்கனேட் போன்ற சாயம் பூசுவார்கள். அது கீறல்களிலும் குழிகளிலும் தேங்கி, மேடான இடத்தில் வெளிறிக் கிடக்கும். மிங் வம்சக் கால (1368–1644) லோங்சுவான் தட்டுகளில் அடி முழுக்க மெருகு இருக்கும், நடுவில் ஒரு வட்டம் மட்டும் வழித்தெடுக்கப்பட்டுச் சிவந்திருக்கும். சூளையில் தட்டைத் தாங்கிய வளையத்தின் தடம் அது.

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் கிடைத்த சீன ஓடுகளிலும் இந்த லோங்சுவான் பச்சைதான் அதிகம், 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டி ஓடுகள் அதற்கும் முந்தியவை, வட சொங் வம்சக் காலத்தவை (960–1127). ஓடாகக் கிடைத்தால் உடைந்த பக்கம் உங்களுக்கு வசதி: மண், மெருகின் கனம், இரண்டும் சேரும் கோடு எல்லாம் கண்முன்னே தெரியும்.

விளிம்பில் மெருகே இல்லாமல் செம்புப் பட்டை கட்டியிருந்தால் ஹெபெய் மாகாணத்து டிங் பாத்திரமாக இருக்கலாம். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் விளிம்பு மொட்டையாக நிற்கும், தந்த நிற மெருகு கண்ணீர்போல வழிந்து உறைந்திருக்கும். ஆனால் பிற்கால ஜிங்டெஜென் சூளைகளும் கவிழ்த்துச் சுட்டிருக்கின்றன, பட்டையை மட்டும் நம்பிவிட வேண்டாம். அடிவளையத்தில் பருமணல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபூஜியான் கடற்கரையின் ஜாங்ஜோ ஏற்றுமதிச் சரக்கு, 16ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 17இன் தொடக்கம்.

சீனமே இல்லாதவையும் இந்தக் கட்டத்திலேயே கழன்றுவிடும். அடி முழுக்கச் சாக்லேட் நிறப் பூச்சு இருந்தால் வியட்நாம். உருளைத் தாங்கி பதிந்த கருவட்டம் இருந்தால் தாய்லாந்தின் சவன்கலோக். நீல வெள்ளைத் தட்டின் மெருகிட்ட அடியில் முள் குத்தியதுபோல மூன்று, நான்கு சிறு தழும்புகள் இருந்தால் பெரும்பாலும் ஜப்பானின் அரிதா.

அடுத்தது நீலம். யுவான் வம்சம் (1271–1368), தொடக்க மிங் காலத்தில் நீல நிறம் தரும் கோபால்ட் மேற்காசியாவிலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. தூரிகை அழுந்திய இடங்களில் கருமை திரண்டு மெருகுக்குள் இறங்கியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புள்ளியில் மங்கிய உலோகப் பளபளப்பு தெரியும், விரல் நுனிக்கு லேசான பள்ளம் தட்டும். 18ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்துச் செய்தவர்கள் புள்ளிகளைத் தூரிகையால் வேண்டுமென்றே வைத்தார்கள். அவை கோட்டின்மேல் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். யுவான் நீலத்துக்கு அளவுகோல், 1351 என்று ஆண்டு எழுதப்பட்ட டேவிட் சாடிகள் என்ற பூச்சாடிகள் இரண்டும். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மெருகுக்கு மேலே பூசிய நிறங்கள் காலத்துக்குக் கீழெல்லை போட்டுத் தரும். தங்கத் துகளால் வரும் பால்கலந்த இளஞ்சிவப்பு 1720ஐ ஒட்டித்தான் சீனத்தில் புழக்கத்துக்கு வந்தது. அந்த நிறத்தோடு மிங் முத்திரையும் இருந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, அது மிங் அல்ல.

முத்திரைக்கு இப்போது வரலாம். ஆறெழுத்து முத்திரையை வலப்பக்க வரிசையிலிருந்து, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும்: 'மகா', வம்சம், அரசர் ஆட்சிப் பெயர் இரண்டெழுத்து, பிறகு 'ஆண்டில் செய்தது'. சுவாண்டெ (1426–1435), செங்குவா (1465–1487) என்ற மிங் ஆட்சிப் பெயர்கள், பிந்தைய சிங் வம்சத்தின் காங்சி காலப் (1662–1722) பாத்திரங்களில் ஏராளம். பழமைக்கு மரியாதையாகப் போட்டதும் உண்டு, ஏமாற்றப் போட்டதும் உண்டு. 1677இல் ஜிங்டெஜென்னில் அரசர் பெயரை எழுதத் தடை வந்தபோது, வெறும் இரட்டை வட்டத்தையோ ஒரு இலையையோ வரைந்து விட்டார்கள். ஆகவே காலி வட்டம் கண்டால் ஏமாற வேண்டாம், நல்ல காங்சியாக இருக்கக்கூடும். மாறாக, நான்கெழுத்தில் காங்சி பெயர் போட்ட நீல இஞ்சி ஜாடிகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிச் சரக்கு. ஆங்கில எழுத்தில் 'சைனா' என்று இருந்தால் 1891க்குப் பிந்தியது என்றே கொள்ளலாம். அமெரிக்கச் சுங்கச் சட்டம் அப்போதுதான் செய்த நாட்டின் பெயரைக் கேட்கத் தொடங்கியது. அந்தச் சொல் இல்லாததால் மட்டும் பொருள் பழையதாகிவிடாது.

தேய்மானத்தை லென்ஸில் பாருங்கள். புழங்கிய தட்டில் கீறல்கள் நடுவில் கூடுதலாக, பல திசையில், பல ஆழத்தில் இருக்கும். எமரித்தாளால் தேய்த்தால் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அமிலத்தில் முக்கினால் மடிப்பு, மேடு, பள்ளம் என்ற வித்தியாசமில்லாமல் பளபளப்பு ஒரே சீராகச் செத்திருக்கும். மண் அப்பியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். புதைமண் கரையும், பசை கலந்த மண் பிடிவாதமாக ஒட்டி நிற்கும். தாங் வம்சக் கால (618–907) மூவண்ணப் பாத்திரத்தை மட்டும் நீரில் போடாதீர்கள். குறைந்த சூட்டில் வெந்த மண், நீரை உறிஞ்சும், ஈய மெருகு செதிலாகப் பெயர்ந்துவிடும். அதில் சாப்பிடவும் கூடாது.

பெரிய தொகை கொடுப்பதற்கு முன் ஆய்வகம் போகலாம். மண் கடைசியாகச் சூளையில் வெந்தபின் அதில் சேர்ந்த கதிர்வீச்சை அளந்து வயது சொல்லும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குச் சில பத்து மில்லிகிராம் மண்ணைத் துளைத்தெடுப்பார்கள். விடை ஏறத்தாழ 20 சதவீதம் முன்பின் நகரும். ஆகவே தாங் பொருளா நேற்றுச் செய்ததா என்று சொல்லும், காங்சியா, அவருக்கு அடுத்த யோங்ஜெங்கா என்று சொல்லாது. கதிர் பாய்ச்சி வயதைக் கூட்டிக் காட்டும் வேலையும் நடக்கிறது. அதைவிடச் சங்கடமானது ஒட்டுவேலை. நாம் அடியைத்தான் பார்க்கிறோம் என்பது போலி செய்பவருக்கும் தெரியும். உடைந்த பழைய பாத்திரத்தின் அடியை வெட்டியெடுத்துப் புது உடம்பில் பொருத்திவிடுவார். அப்போது அடிமண் உண்மை, ஆய்வக விடையும் உண்மை. மண்ணை அடியிலிருந்து மட்டும் எடுக்கவிடாமல் உடம்பிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் இருட்டறையில் டார்ச்சை உள்ளே வைத்து, அடிவளையத்துக்கு ஒரு விரற்கடை மேலே சுற்றிவரக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புற ஊதா விளக்கு இருந்தால் அந்த இடத்துப் பசையும் மேல்பூச்சும் தனியாக ஒளிரும்.