மலைப்பகுதி நீச்சல் குளத்தின் ஹீட் பம்ப்: அமைப்பும் பராமரிப்பும்

கொடைக்கானல், குன்னூர் போன்ற ஊர்களில் திறந்தவெளி நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. மார்கழி, தை மாதங்களில் குளத்து நீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடும். அந்தக் குளிரில் யாரும் இரண்டாவது முறை இறங்க மாட்டார்கள். இத்தகைய குளங்களுக்கு ஏற்றது ஹீட் பம்ப். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சி நீருக்குத் தரும் இது, ஏசியைத் திருப்பி வைத்தது போன்ற இயந்திரம். காற்று இதமாக இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கைந்து யூனிட் வெப்பம் தரும். காற்று குளிரக் குளிர அந்த விகிதம் குறையும். ஆகவே நள்ளிரவில் ஓட்டுவதைவிடக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஓடுமாறு டைமரை அமைப்பது மலைப்பகுதிக்குப் பொருந்தும். வடிகட்டி மோட்டார் ஓடாமல் ஹீட்டர் ஓடாது என்பதால், இரண்டின் நேரமும் ஒத்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 70,000 லிட்டர் நீர் நிற்கும். இதை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 81 யூனிட் வெப்பம் தேவை. 20 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குக் கொண்டுவர 650 யூனிட். மணிக்கு 20 யூனிட் வெப்பம் தரும் 20 கிலோவாட் ஹீட் பம்ப் எந்த இழப்பும் இல்லாமல் ஓடினாலும் 32 மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காற்றில் அதன் திறன் குறைவதையும் இரவில் வெப்பம் வெளியேறுவதையும் சேர்த்துப் பார்த்தால், முதல் முறை சூடேற்றும்போது பகலிரவாக ஓட்டினாலும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டியிருக்கும். முதல் நாள் மாலையே இயந்திரம் பழுது என்று மெக்கானிக்கை அழைப்பவர்கள் பலர். அவர்களுடைய இயந்திரத்தில் பெரும்பாலும் ஒரு குறையும் இருப்பதில்லை.

போட்டி நீச்சலுக்கான குளங்கள் 25 முதல் 28 டிகிரிக்குள் வைக்கப்படுகின்றன. விடுதிக் குளத்துக்கு 28 டிகிரி போதும். சிறு குழந்தைகள் நீச்சல் பழகும் குளமென்றால் 30 வரை போகலாம். 35 என்று வைத்தால் நீர் விரைவாகச் சூடாகும் என்று நினைப்பது தவறு, இயந்திரம் அதே வேகத்தில்தான் சூடேற்றும். வார நாட்களில் விருந்தினர் இல்லையென்றால் இரண்டு மூன்று டிகிரி குறைத்து வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் குளம் பயன்படாது என்றால் நிறுத்திவிடுவதே மேல்.

குளத்துக்கு மூடி இல்லாமல் ஹீட்டர் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வெப்பத்தின் பெரும்பகுதி நீர் ஆவியாவதால்தான் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் செலவாகும். காற்று வீசும் ஓர் இரவில் மேலே சொன்ன குளத்தின் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் குறைந்தால் 250 லிட்டர் நீரும் 170 யூனிட் வெப்பமும் போய்விட்டன என்று பொருள். அதாவது, முந்தைய பகலில் பாடுபட்டு ஏற்றிய இரண்டு டிகிரி போயிற்று. குமிழி வைத்த பிளாஸ்டிக் விரிப்பே இதைப் பெருமளவு தடுத்துவிடும்.

அடுத்தது, நீரில் ஒரு பகுதியை ஹீட்டருக்குள் விடாமல் நேராகத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு. ஹீட்டருக்குள் போகும் குழாயில் ஒன்று, வெளியே வரும் குழாயில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒன்று என மூன்று வால்வுகள் இருக்கும். முதல் இரண்டையும் முழுமையாகத் திறந்து, குறுக்கு வால்வைப் பாதி திறந்து, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பாருங்கள். அது சுமார் இரண்டு டிகிரி இருக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் ஹீட்டருக்குள் நீர் போதவில்லை, குறுக்கு வால்வைச் சிறிது மூட வேண்டும். ஒரு டிகிரிக்கும் குறைவென்றால் சிறிது திறக்க வேண்டும். வெளியே வரும் நீர் கைக்குச் சூடாகத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். சரியான நிலை கிடைத்ததும் வால்வின் கைப்பிடியிலும் குழாயிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்தால், பிறகு யாராவது திருப்பிவிட்டாலும் தெரிந்துவிடும்.

திரையில் நீரோட்டப் பிழை காட்டினால் ஹீட்டரைத் திறக்காதீர்கள். முதலில் மோட்டாருக்கு முன்னால் உள்ள கூடையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குளங்களில் சில்வர் ஓக் இலைகள் இரண்டே நாளில் அதை அடைத்துவிடும். அடுத்து மணல் வடிகட்டியின் பிரஷர் கேஜைப் பாருங்கள். சுத்தமாக இருந்தபோது காட்டிய அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ உயர்ந்திருந்தால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும்.

நீரின் தன்மை கெட்டால் வெப்பப் பரிமாற்றக் குழாய்தான் முதலில் அடிவாங்கும். பிஎச் அளவு 7.2 முதல் 7.6 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்கட்டும். குளோரின் மாத்திரையை, குளத்தின் ஓரத்தில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஏனென்றால் கரைந்து வரும் அந்த அமில நீர் அப்படியே இயந்திரத்துக்குள் போகிறது. டைட்டானியக் குழாய் அதைத் தாங்கினாலும், செம்புக் குழாய் வைத்த ஹீட்டர்கள் அரித்து ஓட்டை விழும். குளோரின் செலுத்தும் கருவி எப்போதும் நீர் ஹீட்டரைக் கடந்து வெளியே வரும் குழாயில்தான் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை நிரப்புபவர்கள் பிஎச் உயராமல் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சூடான நீரில் சுண்ணாம்புப் படிவு விரைவாகப் பிடிக்கும்.

மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்புற அலுமினியத் தகடுகளை மென்மையான பிரஷாலும் சாதாரணக் குழாய் நீராலும் கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் பம்பைக் காட்டினால் தகடுகள் மடங்கிக் காற்று அடைபடும். மின்சாரப் பெட்டியில் பல்லியும் எறும்பும் புகும் ஓட்டைகளை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அடைத்துவிடுங்கள். மூன்று பேஸ் இணைப்பில், லைன் வேலை நடந்த பின் பேஸ் வரிசை மாறினால் இயந்திரம் ஓட மறுக்கும். அதையும் அவரே மாற்றித் தருவார். கேஸ் நிரப்புவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

இயந்திரத்தின் அடியில் நீர் தேங்கினால் கசிவு என்று பதற வேண்டியதில்லை. அந்த நீரில் குளோரின் சோதனைத் தாளை நனையுங்கள். நிறம் மாறவில்லையென்றால் அது காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்த நீர்; மாறினால் குளத்து நீர்தான் கசிகிறது, உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

உறைபனி விழும் ஊட்டிப் பகுதியில் குளிர்காலம் முழுக்க ஹீட்டரை நிறுத்தி வைப்பவர்கள், மின்சாரத்தைத் துண்டித்து, இரு பக்க வால்வுகளையும் மூடி, குழாய் இணைப்புகளைக் கழற்றி உள்ளே இருக்கும் நீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். மீண்டும் ஓட்டும் நாளில் இணைப்புகளை மாட்டி, நீரோட்டம் சீரான பிறகே மின்சாரத்தைக் கொடுங்கள். கம்ப்ரசர் கிளம்பச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதற்குள் சுவிட்சை மாற்றி மாற்றி அழுத்தாதீர்கள்.