பாத் நகரம்: பலரும் பார்க்காமலே திரும்பிவிடும் விஷயங்கள்

லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச், விண்ட்சர் கோட்டை, இங்கிலாந்தின் வெந்நீரூற்று ஊரான பாத் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பஸ் டூர்கள் நிறைய உண்டு. காசுக்கு லாபம் மாதிரி தெரியும். ஆனால் பாதி நாள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். கடைசியில் பாத்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். அதைவிட, லண்டனின் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாத் ஸ்பா ஸ்டேஷன். ஊரின் முக்கிய இடங்களெல்லாம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பலர் செய்யும் அடுத்த தவறு, ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளியலிடமான ரோமன் பாத்ஸில் குளிக்கலாம் என்று நினைத்து நீச்சலுடையோடு வருவது. அங்கே தண்ணீரைத் தொடவே கூடாது. 46 டிகிரி வெப்பத்தில் தினமும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கும் ஊற்று அது. அந்த ஊற்று நீர் பாய்ந்த நீச்சல் குளம் ஒன்றில் நீந்திய சிறுமி, அமீபா தொற்றி மூளைக்காய்ச்சலில் 1978இல் இறந்துபோனாள். அதற்குப் பிறகு குளியலை நிறுத்திவிட்டார்கள்.

அங்குள்ள பெரிய குளத்தின் பச்சைத் தண்ணீரைப் பார்த்து 'ரோமானியர் காலத்திலிருந்தே இப்படித்தான்' என்று நினைப்பதும் தவறு. அன்று அந்தக் குளத்துக்கு மேலே கூரை இருந்தது. இன்று வெயில் நேராக விழுவதால் பாசி வளர்கிறது. தூண்களில்கூட அடிப்பகுதி மட்டும்தான் பழசு. மாடியில் வரிசையாக நிற்கும் ரோமானியச் சிலைகள் 19ஆம் நூற்றாண்டில் வைத்தவை. அவற்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அசல் சரக்கு உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து மக்கள், ஊற்றின் தெய்வமான சூலிஸ் மினெர்வா தேவியிடம் முறையிட்டு, சாபத்தை ஈயத் தகட்டில் கீறி ஊற்றில் போட்டிருக்கிறார்கள். உதாரணமாக, டோசிலியானுஸ் என்பவரின் மேலங்கியை யாரோ திருடிவிட்டார்கள். ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, எடுத்தவருக்குத் தூக்கமும் வரக்கூடாது, பிள்ளையும் பிறக்கக்கூடாது, அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை விடாதே என்று அவர் தேவியிடம் கேட்டிருக்கிறார். ஒரு மேலங்கிக்கு இவ்வளவா! இந்தத் தகடுகளுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள்.

வெந்நீரில் இறங்கியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு, 2006இல் திறந்த தெர்மே பாத் ஸ்பா பக்கத்திலேயே இருக்கிறது. மொட்டைமாடிக் குளத்திலிருந்து ஊரைப் பார்க்கலாம். ஆனால் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அந்தக் குளத்தில் விடமாட்டார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்பே கவனிப்பது நல்லது.

ராபர்ட் ஆடம் வடிவமைத்த புல்ட்னி பாலத்தின் இருபுறமும் கடைகள். நடந்து கடப்பவர்களுக்குக் கீழே ஆறு ஓடுவதே தெரியாது. ஆற்றோரச் சாலையான கிராண்ட் பரேட் பக்கம் வந்து நின்று பாருங்கள், அப்போதுதான் அது பாலம் என்று புரியும்.

ராயல் கிரெசன்ட்டிலும் இதே கதைதான். 1767இல் தொடங்கி, பிறை வடிவில் கட்டிய 30 வீடுகள் அவை. புல்வெளியில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு சுற்று சுற்றிப் பின்பக்கத் தெருவுக்குப் போங்கள். ஜான் உட் (இளையவர்) முகப்பை மட்டும்தான் ஒரே சீராக வடிவமைத்தார். பின்புறத்தை வீடு வாங்கியவர்கள் அவரவர் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். கூரை ஒரு உயரம், ஜன்னல் ஒரு உயரம், எதுவும் ஒன்றோடொன்று ஒட்டாது. எனக்கு முன்பக்கத்தைவிட அதுதான் பிடிக்கும்.

கே தெருவிலுள்ள, நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டென் பெயரிலான மையத்தை அவர் வாழ்ந்த வீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் கொஞ்ச காலம் இருந்தது அதே தெருவில் 25ஆம் எண் வீட்டில்.

காரை ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடில் (நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஊருக்குள் வரும் இடம்) விட்டுவிடுங்கள். மேட்டில் ஏறி இறங்கும் ஊர், நல்ல ஷூ வேண்டும். காசு கொடுத்து டூர் எடுப்பதற்கு முன், மேயரின் கௌரவ வழிகாட்டிகள் நடத்தும் இலவச நடைப்பயணம் அன்றைக்கு உண்டா என்று பாருங்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் அவர்கள். முடிந்ததும் டிப்ஸ் நீட்டாதீர்கள், வாங்கமாட்டார்கள்.