சாலிட் ஆக்சிலா, ஐ.எஃப்.எஸ்ஸா? கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜீப் பைத்தியங்கள் இரண்டு பேர் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் பேச்சு முன் ஆக்சிலுக்கு வந்துவிடும். "சாலிட் ஆக்சில் இல்லாத வண்டியெல்லாம் மலை ஏறுமா?" என்பார் ஒருவர். "உங்கள் வண்டியில் மதுரை வரைக்கும் போனால் இறங்கும்போது இடுப்பு இருக்குமா?" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் நான் பார்த்தவரை வண்டிகள் வழியில் படுத்துக்கொண்டதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: ஒரு வகை வண்டியை இன்னொரு வகையாக நினைத்து ஓட்டியிருப்பார்கள், அல்லது ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்திருப்பார்கள்.

சாலிட் ஆக்சிலில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே இரும்புக் குழாயின் இரு முனைகளில் இருக்கின்றன. இடது சக்கரம் கல்லில் ஏறினால் குழாய் முழுவதும் சாயும், வலது சக்கரம் கீழே அழுந்தும். எஞ்சினின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரென்ஷியல் உருண்டை, அந்தக் குழாயிலேயே தொங்கும். ஐ.எஃப்.எஸ்ஸில், அதாவது இன்டிபென்டன்ட் முன் சஸ்பென்ஷனில், அந்த உருண்டை வண்டியின் சட்டமான சேஸிஸோடு முடுக்கப்பட்டிருக்கும். சக்கரங்கள் தனித்தனிக் கைகளில் அதனதன் போக்கில் ஏறி இறங்கும். கீழே சொல்லப்போகும் எல்லாத் தவறும் இந்த ஒரு வித்தியாசத்தை மறப்பதிலிருந்து வருகிறது.

தன் வண்டி எந்த வகை என்றே தெரியாமல் இருப்பது, நம்ப மாட்டீர்கள், சாதாரணமாக நடக்கிறது. "தார் என்றால் ஜீப், ஜீப் என்றால் சாலிட் ஆக்சில்" என்று நினைக்கிறவர்கள் ஏராளம். 2020-இல் வந்த மஹிந்திரா தாருக்கு முன்பக்கம் ஐ.எஃப்.எஸ், பின்பக்கம்தான் சாலிட் ஆக்சில். 2021-க்குப் பிந்தைய ஃபோர்ஸ் கூர்க்காவும் அப்படியே. முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் வேண்டுமென்றால் மாருதியின் பழைய ஜிப்ஸி, இப்போதைய ஜிம்னி, ஜீப் ராங்ளர் என்று தேட வேண்டும். ஆகவே "என்னுடையது ஐ.எஃப்.எஸ்" என்று நிம்மதியாகக் கல்லைத் தாண்டுகிற தார்க்காரர் பின்னால் ஓர் உருண்டை தொங்குவதை மறந்துவிடுகிறார். முன்பக்கம் தாண்டிய கல் பின்பக்கம் தட்டும்.

பெயரை வைத்து மட்டம் தட்டுவதும் வேண்டாம். மெர்சிடிஸ் ஜி கிளாஸ் 1979 முதல் சுமந்துவந்த முன் சாலிட் ஆக்சிலை 2018-இல் கைவிட்டது. 2020-இல் வந்த லேண்ட் ரோவர் டிஃபென்டரில் நான்கு சக்கரமும் தனித்தனி. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 வரிசையோ இன்னும் பழைய குழாயை விடவில்லை. வேகமாக ஓட்ட வேண்டிய வண்டி ஒரு பக்கம் போயிற்று, சுமை தூக்கி உழைக்க வேண்டிய வண்டி இன்னொரு பக்கம் நின்றது, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியின் கணக்கு. இதில் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. சாலிட் ஆக்சில் வண்டிக்கு, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் ஒன்றை இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் உயர்வது உடம்புதான். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதுவும் கூடுகிற விட்டத்தில் பாதி அளவுக்குத்தான். ஜிம்னியின் 195/80 அளவு, 15 அங்குல டயரின் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். பலர் ஆசையாக மாற்றும் 215/75 டயரின் விட்டம் சுமார் 703. நான்கு டயர் வாங்கிக் கிடைத்த உயரம் ஐந்து மில்லிமீட்டர், ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. அந்த டயருக்கு வேறு நல்ல குணங்கள் இருக்கலாம், உயரத்துக்காக வாங்காதீர்கள்.

ஐ.எஃப்.எஸ்ஸில் கணக்கு நேர்மாறானது. உடம்பு உயர்ந்தால் உருண்டையும் உயரும், உடம்பு இறங்கினால் அதுவும் இறங்கும். ஐந்து பேர், கூடாரம், தண்ணீர் கேன் என்று ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து தொப்பென்று இறங்கும்போது இரண்டு ஸ்பிரிங்கும் ஒருசேர அமுங்கும். விளம்பரத் தாளில் படித்த உயரம் அந்த நொடியில் இருக்காது. இந்த வகை வண்டிக்கு அடியில் கனமான தகடு அவசியம் என்பது அதனால்தான்.

இனி லிஃப்ட். என் சொந்த முட்டாள்தனம் இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் முன்பு டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொண்டு தாங்கும் இரும்புக் கம்பி) வைத்த பழைய ஐ.எஃப்.எஸ் வண்டி ஒன்று இருந்தது. டார்ஷன் பாரில் ஒரு போல்ட்டை முறுக்கினாலே வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். செலவே இல்லாத லிஃப்ட் என்று பட்டறையில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. பத்து நாளில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்னால் 'டக்' என்று சத்தம். சக்கரம் கீழே இறங்குவதற்கான தூரத்தை எல்லாம் நான் நிற்கும்போதே தின்று தீர்த்துவிட்டிருந்தேன். மிச்சம் இல்லாத இடத்தில் கை போய் ரப்பர் தடுப்பில் மோதிக்கொண்டிருந்தது. நான்கு மாதம் கழித்துக் கீழே குனிந்து பார்த்தபோது சக்கரத்தைச் சுற்றும் தண்டு மடங்க இடம்தரும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உரசிக் கிழிந்து, கறுப்பு கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் முழுவதும் விசிறியடித்திருந்தது. விரலால் தொட்டால் மணல் நறநறத்தது. முன் டயர் இரண்டிலும் ஒரு ஓரம் மட்டும் வழவழ. ஒரு போல்ட்டின் விலை கடைசியில் ஒரு ஜாயின்ட், இரண்டு டயர்.

உயர்த்தவே கூடாது என்பதில்லை. கொஞ்சம் உயர்த்தலாம். உயர்த்தினால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், சி.வி. தண்டின் சாய்வைக் கண்ணால் பார்க்க வேண்டும், சாய்வு அதிகமென்றால் டிஃபரென்ஷியலையும் சேர்த்துக் கீழே இறக்கும் முழு கிட் போட வேண்டும். அந்தச் செலவுக்கு மனமில்லையென்றால் வண்டியை அதன் உயரத்திலேயே விட்டுவிடலாம்.

சாலிட் ஆக்சிலை உயர்த்துவது எளிது என்பதால் அங்கே வேறு தவறு நடக்கிறது. காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராடு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். உடம்பை உயர்த்தினால் அந்தக் கம்பி ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். கூடவே ஆக்சில் சற்று உருண்டு, ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் காஸ்டர் கோணமும் குறையும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அனுப்பினால் நெடுஞ்சாலையில் வண்டி குடித்தவன் போல அலையும். காஸ்டர் திருத்தும் புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடும் வேலையின் பாதி.

சாலிட் முன் ஆக்சிலுக்கென்றே ஒரு வியாதியும் உண்டு. எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் வெறிபிடித்ததுபோல் ஆடும். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், இறுகப் பிடித்துக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்தால் அடங்கும். இதற்கு, ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றைப் புதிதாக மாட்டி அனுப்புவது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போன்றது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இடமும் வலமும் குறுகக் குறுக அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து பான்ஹார்ட் ராடின் முனைகளில் கை வையுங்கள். தளர்ந்த போல்ட்டும் செத்த புஷ்ஷும் விரலுக்கே தெரியும். பிறகு சக்கரங்களைத் திருப்பும் டை ராடின் முனைகள், சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங் பின் பேரிங், வீல் பாலன்ஸ் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஓட்டும்போது செய்யும் தவறு ஒன்று பெரியது: கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பது. காரில் பழகிய கை அப்படித்தான் செய்யும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரிய கல்லைக் கண்டால் டயரை அதன் தலைமீதே ஏற்றுவார்கள். சக்கரம் ஒரு சாண் ஏறினால் குழாயின் நடுப்பகுதி அரைச் சாண் ஏறும், உருண்டை தப்பிக்கும். ஐ.எஃப்.எஸ்ஸிலும் டயரைக் கல்லில் ஏற்றுவதே சரி. ஆனால் அங்கே நடுப்பகுதி அந்த அளவுக்குக் கூடவே ஏறாது, ஸ்பிரிங் அமுங்குவதோடு பாதி போய்விடும். ஆகவே இன்னும் மெதுவாக.

சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினால் ஐ.எஃப்.எஸ்ஸைத் திட்டுவதும் பயனில்லாதது. சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் எந்த ஆக்சிலானாலும் தொங்கும் சக்கரம்தான் வீணாகச் சுற்றும். அங்கே காப்பாற்றுவது இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் லாக். பிரேக் மூலம் வேலை செய்யும் மின்னணு வகை என்றால், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள். அதற்குப் பிடிக்க ஓரிரு நொடி வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவைத்துக்கொண்டு மிதிப்பது மட்டும் இரண்டு வகைக்குமே ஆகாது, ஜாயின்ட் உடைவது அந்தக் கோணத்தில்தான்.

ஓடை தாண்டியவர்களுக்கு ஒன்று. சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்று போய்வரும் பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சாலிட் ஆக்சில் தாழ இருப்பதால் முதலில் முங்குவது அதுதான். பிரீதர் குழாயை எஞ்சின் அறைவரை உயர்த்திவிட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்ததும் டிஃபரென்ஷியலின் அடியில் எண்ணெய் வடிக்க இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.