'ஆக்சஸ் டினைட்' வந்ததும் செய்யும் அவசரத் தவறுகள்

பழைய கணினி படுத்துவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினால், நாம் எடுத்த படங்களையே நமக்குத் திறந்து காட்ட மறுக்கிறது விண்டோஸ். அந்த எரிச்சலில் டிரைவ் முழுவதற்கும் 'எவ்ரிஒன்: ஃபுல் கண்ட்ரோல்', அதாவது யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிடுகிறோம். நானும் கொடுத்திருக்கிறேன். சாவி தொலைந்ததற்காகக் கதவையே பெயர்த்தெடுக்கும் வேலை அது.

முதலில் அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேப்பைத் திறந்து பாருங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் நிற்கும். அதுதான் பழைய கணினியில் இருந்த நீங்கள்! விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான். புதிய கணினியில் அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் வைத்தாலும் எண் வேறு, அதனால் ஆளும் வேறு. சரி, என்ன செய்வது? அட்வான்ஸ்டு போய் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு, 'இன்னும் திறக்கவில்லையே' என்பார்கள். ஓனர் ஆனால் அனுமதியை மாற்றும் உரிமைதான் கிடைக்கும். படிக்கும் அனுமதியை அப்புறம் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதையே சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் செய்யாதீர்கள். அங்குள்ள பெரும்பாலான ஃபைல்களுக்கு ஓனர் 'டிரஸ்டெட்இன்ஸ்டாலர்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு. அதைக் கலைத்தால் அப்டேட் முதல் பல விஷயங்கள் தகராறு செய்யலாம்.

இன்னொன்று, பிறர் பார்க்கக்கூடாது என்று 'யூசர்ஸ்' குழுவுக்கு 'டினை' (அனுமதி மறுப்பு) போடுவது. அந்தக் குழுவில் நீங்களும் இருப்பீர்கள். ஒரே இடத்தில் அலவ், டினை இரண்டும் இருந்தால் டினைதான் ஜெயிக்கும். பேசாமல் அந்தக் குழுவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், போதும்.

சில சமயம் இது அனுமதிச் சிக்கலே இல்லை. ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கலாம். டாக்குமெண்ட்ஸில் ஒரு புரோகிராமால் மட்டும் சேவ் செய்ய முடியவில்லையா? விண்டோஸ் செக்யூரிட்டியின் ரான்சம்வேர் பாதுகாப்பு தடுக்கிறதா என்று பாருங்கள். ஃபைலை விண்டோஸிலேயே என்கிரிப்ட் செய்திருந்தால் ஓனரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பழைய கணக்கின் சான்றிதழும் அதன் சாவியும் வேண்டும். பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்யும் முன் இதை யோசிக்க வேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்கு வேறு வியாதி: எதற்கெடுத்தாலும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும். ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும் அதைப் போட்டால், வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச், அதற்கான ரகசியச் சாவியான உங்கள் பிரைவேட் கீயைத் தொட மறுக்கும். பிறர் படிக்க முடிகிற சாவி அதற்குச் சாவியே அல்ல. பயந்துபோய் எல்லாவற்றுக்கும் 644 (ஓனர் படிக்கலாம், எழுதலாம்; மற்றவர்கள் படிக்க மட்டும்) போட்டால் இன்னும் மோசம். ஃபோல்டருக்குள் நுழையவே எக்சிக்யூட் அனுமதி தேவை, 644-இல் அது கிடையாது. ஃபோல்டருக்கு 755, சாதாரண ஃபைலுக்கு 644, பிரைவேட் கீக்கு ஓனர் மட்டுமே படித்து எழுதக்கூடிய 600 என்று பிரித்துப் போடுங்கள். சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு எடிட்டரைத் திறந்ததால் செட்டிங்ஸ் ஃபைல் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்குப் போயிருந்தால், ஓனரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையைக் கொண்டு பழையபடி உங்கள் பெயருக்கு மாற்றினால் தீர்ந்தது.

பென் டிரைவில் அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளை எடுபடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். பல பென் டிரைவ்களில் இருக்கும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இந்த அனுமதிகளைச் சேமித்து வைக்க இடமே கிடையாது.